சொல்லாமையும் பொய்மையும்: ‘ஃபன்னி போய்’ நாவல் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு ஆங்கிலத்தில் எழுந்த புனைகதைகளுள் ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி போய்’ விதந்து குறிப்பிடத்தக்க ஒன்றாகும். 1965 ஆம் ஆண்டு கொழும்பிலே தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் மகனாகப் பிறந்து, 1983 ஆம் ஆண்டு இனவன்செயலையடுத்துக் குடும்பத்தினருடன் கனடாவிற் குடியேறிய இவ்வாசிரியர், 1994 இல் வெளியிட்ட முதலாவது நாவல் இது. ஒன்றோடொன்று பிணைந்த ஆறு கதைகளாக அமைந்துள்ள இந்நூல், ஆர்ஜி என்னும் கொழும்புத் தமிழ்ச் சிறுவன் ஏழு வயது தொடக்கம் பதின்ம வயது வரை வளர்வதையும், அவ்வளர்ச்சியினூடே தான் ஆடவரை விரும்பும் இயல்பினன் என்பதை மெல்ல மெல்ல உணர்ந்துகொள்வதையும், அதே வேளையில் அவனது சமூகம் 1983 யூலையை நோக்கிச் சரிந்து செல்வதையும் ஒருங்கே சித்திரிக்கின்றது.

இந்நாவலை இரு வகையில் வாசித்துவிடுதல் எளிது. இனமுரண்பாட்டையே நூலின் உயிர்நாடியாகக் கொண்டு, சிறுவனின் பாலியல்பு பற்றிய பகுதிகளை அம்முரண்பாட்டின் உருவகமாகவோ கிளைக்கதையாகவோ ஒதுக்கிவிடுதல் ஒன்று. மேனாட்டு இலக்கியங்களில் வழக்கிலுள்ள தன்னறிவிப்புக் கதைகளை அளவுகோலாகக் கொண்டு, நாயகன் இறுதிவரை குடும்பத்தினர் முன்னிலையில் தன்னை அறிவித்துக்கொள்ளாமையால் நூல் பாதி வழியில் நின்றுவிட்டது எனக் கருதுதல் மற்றையது. முதலாவது வாசிப்பு நூலின் ஒரு பாதியைக் காண மறுக்கின்றது. இரண்டாவது வாசிப்போ, ஆர்ஜியின் மௌனத்தை வெறும் கோழைத்தனமாகக் குறுக்கிவிடுகின்றது. ஆர்ஜி தன் பெற்றோரிடம் ஏன் சொல்லவில்லை என்னும் வினாவை நாவலுக்குள்ளேயே நின்று எழுப்புமிடத்து, சொல்வதா விடுவதா என்னும் தீர்மானம் எத்தகைய நிலைமைகளிலே உருவாகின்றது என்பதை ஆசிரியர் எவ்வளவு நுணுக்கமாக நோக்கியுள்ளார் என்பது புலனாகும்.

பிறர் இட்ட பெயர்

நாவலின் முதற்கதை, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் அனைவரும் பாட்டனார் வீட்டிற் கூடும் காட்சியுடன் தொடங்குகின்றது. வீட்டின் முன்புறமும் அதற்கு அப்பாலுள்ள வெளியும் ஆண்பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் களம்; பின்முற்றம் பெண்பிள்ளைகளுக்குரியது. ஆர்ஜி பின்முற்றத்தையே தேர்ந்துகொள்கிறான். அங்கு நடைபெறும் கலியாண விளையாட்டில் மணப்பெண் வேடம் அவனுடையது. ஒருநாள் பெரியவர்கள் கூடியிருந்த மண்டபத்துக்குச் சேலையுடுத்த கோலத்துடனேயே அவன் இழுத்துவரப்படுகின்றான். உறவினர் ஒருவர் அவனுடைய தந்தையை நோக்கி, நாவலின் தலைப்பிலே இடம்பெறும் அந்தச் சொல்லை எறிகின்றார். வேடிக்கையானவன் என்பது அச்சொல்லின் ஒரு பொருள்; விசித்திரமானவன் என்பது இன்னொரு பொருள். இவ்விரு பொருளும் தந்தையின் குரலிலே தொனித்த வெறுப்புடன் பொருந்தவில்லையே என்று சிறுவன் குழம்புகின்றான்.

இக்காட்சியின் முக்கியத்துவம் பலவாறு நோக்கத்தக்கது. தன்னறிவிப்புக் கதைகள் பொதுவாக ஓர் எடுகோளின்மீது எழுப்பப்படுகின்றன. ஒருவனிடம் இரகசியம் ஒன்று உண்டு. அவன் அறிவான், பிறர் அறியார். அவன் வாய் திறக்கும்பொழுது பிறர் அறிந்துகொள்கின்றனர் என்பதே அந்த எடுகோள். ஆர்ஜியின் நிலை இதற்கு நேர்மாறானது. தன்னைப் பற்றி அவன் அறிவதற்கு முன்னரே குடும்பம் அறிந்துவிட்டது. அவன் தனக்கொரு பெயரைத் தேடிக்கொள்வதற்கு முன்னரே பிறர் அவனுக்குப் பெயரிட்டுவிட்டனர். தந்தை தாயைக் குறைகூறுகின்றார். தாய் தான் சேலையுடுத்தும் வேளையிலே மகன் அறைக்குள் வந்து பார்த்திருப்பதைத் தடைசெய்கின்றாள். ஏன் என்று அவன் வினவும்பொழுது, வானத்தின் உயரத்தையும் பன்றிகளின் பறக்கவியலாமையையும் இணைத்துப் பொருளற்ற ஒரு வாய்பாட்டையே மறுமொழியாகத் தருகின்றாள். அத்தாயிடம் காரணம் இருக்கின்றது; அக்காரணத்தைச் சொல்வதற்குரிய மொழி இல்லை.

ஆகவே பின்னாளில் ஆர்ஜியின் முன்னுள்ள தீர்மானம், தெரியாத ஒன்றைத் தெரிவிப்பது பற்றியதன்று. கேளாதிருப்பது என்று முன்னரே முடிவுசெய்துவிட்ட ஒரு குடும்பத்தைக் கேட்கும்படி வற்புறுத்துவதா என்பதே அவனுடைய பிரச்சினை. நம்மவர் குடும்பங்களிலே இது அரிதான நிலைமை அன்று. மகன் திருமணப் பேச்சைத் தட்டிக்கழிப்பதன் காரணத்தை ஊகித்தும் ஊகியாதவர்போல் இருக்கும் பெற்றோர் எத்தனையோ பேர். அறிந்தும் அறியாதிருத்தல் என்னும் இவ்வுடன்பாட்டினுள்ளே, சொல்பவனே உடன்பாட்டை முறித்த குற்றவாளி ஆகின்றான்.

மொழி பற்றிய இன்னொரு கூறும் கவனிக்கற்பாலது. தன்பாலீர்ப்பு, திருநங்கை, திருநம்பி முதலிய சொற்கள் தமிழிலே மதிப்புடன் வழங்கத் தொடங்கியமை அண்மைக்காலத்து நிகழ்ச்சி. நாவல் சித்திரிக்கும் எழுபதுகளில், ஆங்கிலம் பேசும் அக்கொழும்பு வீட்டிலே சாடைமொழி இருந்தது. பாடசாலையிலும் தெருவிலும் வசைமொழி இருந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சொல் எதுவும் இருக்கவில்லை. வசைச்சொல் ஒன்றே கைவசமுள்ள ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்ல முற்படுதல், தன்னைத்தானே வைதுகொள்வதாகவே முடியும்.

வீட்டினுள் மௌனங்கள்

நாவலின் நடுப்பகுதியிலுள்ள மூன்று கதைகளும் ஆர்ஜியை நேரடியாக மையப்படுத்துவன அல்ல. மேலோட்டமாக வாசிப்போர்க்கு இவை கதைப்போக்கினின்றும் விலகியவையாகத் தோன்றலாம். உண்மையில் ஆர்ஜி மௌனத்தின் பயனையும் அதன் விலையையும் கற்றுக்கொள்ளும் இடங்கள் இவையே. 

மாமி ராதா சிங்கள இளைஞன் அனிலை விரும்புகின்றாள். 1958 ஆம் ஆண்டு வன்செயலிலே தந்தையைப் பறிகொடுத்த பாட்டி அவ்வுறவைக் கடுமையாக எதிர்க்கின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும் புகையிரதத்திலே தாக்கப்பட்டபின் ராதா மனம் மாறி, வீட்டார் பார்த்த தமிழ் மாப்பிள்ளையையே மணந்துகொள்கின்றாள். அடுத்த கதையில் தாயின் முன்னாட் காதலரான பறங்கிய இனத்துப் பத்திரிகையாளர் டரில், யாழ்ப்பாணத்து நிலைமைகளை ஆராயச் சென்றவிடத்து இறந்துபடுகின்றார். அது விபத்தன்று என ஐயுறும் தாய் உண்மையைத் தேடிச் செல்கின்றாள். பேசாதிருப்பதே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்னும் அறிவுரையையே எங்கும் பெறுகின்றாள். ஈற்றில் அதற்குப் பணிகின்றாள். நான்காவது கதையிலே, தந்தையின் பாடசாலை நண்பருடைய மகனான ஜெகன், தந்தையின் விடுதியிற் பணிபுரிகின்றான். அவன்மீது சந்தேகம் கிளம்பியதும், தொழிலையும் நற்பெயரையும் காத்துக்கொள்ளும்பொருட்டுத் தந்தை அவனைக் கைவிட்டுவிடுகின்றார்.

ஆர்ஜி தன் மனத்தைத் திறந்து காட்டக்கூடியவர்களாக இருந்தோர் இவர்களே என்பது மனங்கொள்ளத்தக்கது. மாமி, தாய், தந்தை ஆகிய மூவரும் தமக்கென ஓர் உண்மையைக் கொண்டிருந்தனர். மூவரும் அதனை விட்டுக்கொடுத்தே வாழ்கின்றனர். அவர்களுள் எவரையும் ஆசிரியர் கொடியவராகத் தீட்டவில்லை. அச்சமும் குடும்பநலனும் ஒன்றோடொன்று பிரிக்கவியலாதவாறு கலந்துள்ள ஒரு நடுத்தர வர்க்கத்தின் நடைமுறை அறிவே அவர்களை இயக்குகின்றது. இம்மௌனங்களிடையே வளரும் ஒருவனிடம் மட்டும் துணிவை எதிர்பார்த்தல் நியாயமாகாது.

மேடையிற் சிதைந்த செய்யுள்

ஐந்தாவது கதையிலே, மகனை ஆண்மகனாக்கும் என்னும் நம்பிக்கையுடன் தந்தை ஆர்ஜியைக் கண்டிப்பு மிக்க ஒரு பாடசாலைக்கு மாற்றுகின்றார். அங்குதான் அவன் ஷெஹான் என்னும் சிங்கள மாணவனைச் சந்திக்கின்றான். அவ்வுறவு காதலாக மலர்கின்றது. தந்தை போட்ட கணக்கு இவ்வாறு தலைகீழாகிவிடுகின்றது. பாடசாலை அதிபர், தம் பதவியைக் காப்பாற்றும்பொருட்டு, பரிசளிப்பு விழாவிலே ஆங்கிலேயக் கவிஞர் நியூபோல்ட்டின் செய்யுள்கள் இரண்டை ஆர்ஜியைக் கொண்டு ஒப்புவிக்க ஏற்பாடு செய்கின்றார். அதிபர் வெல்வதே தமிழ் மாணவர்க்கு நல்லது என்பது பொதுவான எண்ணம். ஆயினும் ஷெஹானை இடையறாது தண்டித்து வருபவரும் அவ்வதிபரே. ஆர்ஜி மேடையேறி, வேண்டுமென்றே அச்செய்யுள்களைக் குழப்பிச் சிதைத்து ஒப்புவிக்கின்றான்.

நாவல் முழுவதிலும் ஆர்ஜி பொதுச்சபையிலே வாய் திறக்கும் இடம் இதுவொன்றே. அங்கும் தன்னைப் பற்றி அவன் ஒரு சொல்தானும் சொல்லவில்லை. தனக்கென்று ஒரு சொல் கிட்டாதவன், தன் வாயிலே பிறர் திணித்த சொற்களை உடைத்துவிடுகின்றான். தன்னறிவிப்பு என்னும் செயலுக்கு ஈடாக நாவலிலே அமைந்திருப்பது இந்த உடைப்பே எனலாம். இதற்கு அவன் செலுத்தும் விலையையும் ஆசிரியர் மறைக்கவில்லை. இனத்தின் நலனா, நேசித்தவனின் நலனா என்னும் தெரிவு அவன்முன் நிற்கின்றது. அவன் பின்னையதைத் தெரிகின்றான். அதன்பின், பெற்றோர் பின்தொடர்ந்து வரமுடியாத வேறோர் உலகிலே தான் வாழ்வதை அவன் உணர்ந்துகொள்கின்றான். இவ்வுணர்வு வெற்றிக்களிப்புடன் வருவதன்று. குடும்பத்தைப் பிரிந்தவனின் துயரே அதில் மேலோங்கியுள்ளது.

களஞ்சிய அறை

இறுதிக் கதை 1983 யூலை வன்செயலின் நாட்குறிப்பாக அமைந்தது. காடையர் கூட்டம் வந்து வீட்டை எரிக்கும்பொழுது, ஆர்ஜியின் குடும்பத்தினர் அயலிலுள்ள சிங்களவரான பெரேரா குடும்பத்தினரின் களஞ்சிய அறையில் மறைந்திருக்கின்றனர். பாட்டனும் பாட்டியும் அவர்கள் இருந்த காருடன் எரிக்கப்படுகின்றனர்.

தமிழ் வாசகர் எவரும் இப்பகுதியை அந்நியமாக உணரார். வீதியிலே மறித்துப் பெயரைக் கேட்டபொழுது வாய் திறவாதிருந்தவர்கள், பொட்டை அழித்தவர்கள், பேருந்திலே தமிழிற் பேசாதிருக்கும்படி பிள்ளைகளின் வாயைப் பொத்தியவர்கள் நம்மிடையே உளர். அவர்களை எவரும் பொய்யர் என்று கூறியதில்லை. தம்மைத் தாமே மறுதலித்தோர் எனவும் எவரும் பழித்ததில்லை. கேட்பவனின் கையிலே ஆயுதம் இருக்கும்பொழுது, சொல்லாமை பொய்மை ஆகாது என்பதைப் பட்டறிவால் உணர்ந்த சமூகம் இது. இந்த அறிவு ஆர்ஜி போன்றோரின் மௌனத்தை விளங்கிக்கொள்வதற்கும் உதவவேண்டும். இன ஒடுக்குமுறை வேறு, பாலியல்பின் பேரிலான ஒடுக்குமுறை வேறு. ஒன்றை மற்றொன்றின் உருவகமாக்குதல் பொருந்தாது. எனினும் ஒன்றிலே கற்ற பாடத்தை மற்றையதிலே மறந்துவிடுதல் அறமாகாது.

இங்கே ஒரு வேறுபாடு உண்டு. நாவலின் உச்சமான துயரமும் அவ்வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது. களஞ்சிய அறையிற் குடும்பம் ஒன்றாக ஒளிந்திருக்கின்றது. ஆர்ஜியோ தன்னோடு ஒளிந்திருப்பவர்களுக்கும் ஒளித்து வாழ்கின்றான். எரிந்த வீட்டின் துயரைத் தாயோடும் தங்கையோடும் அவன் பகிர்ந்து அழலாம்; ஷெஹானைப் பிரியும் துயரை அவர்களோடு பகிர இயலாது. மறுபுறத்தே, ஷெஹானிடம் தன் காதலை மறைக்கவேண்டிய தேவையில்லை. ஆனால் ஷெஹான் சிங்களவன், தான் தமிழன் என்னும் உணர்வு வன்செயலின்பின் முதன்முறையாக அவர்களிடையே மெல்லிய திரையாக விழுகின்றது. முழுவதையும் சொல்லி அழுவதற்கு அவனுக்கு ஒருவரும் இல்லை. நாட்குறிப்பு என்னும் வடிவத்தை ஆசிரியர் இறுதிக் கதைக்குத் தெரிந்தமையின் பொருத்தம் இதனாலேயே விளங்குகின்றது. கேட்பார் இல்லாதவனுக்குத் தாளே செவியாகின்றது.

மௌனத்தின் விலை

சொல்லாமையை விளங்கிக்கொள்வது வேறு. அதனைப் போற்றுவது வேறு. மௌனத்தின் விலையைச் செல்வதுரை தமது இரண்டாவது நாவலான ‘சினமன் கார்டன்ஸ்’ என்பதிலே எடுத்துரைக்கின்றார். 1998 இல் வெளிவந்த அந்நூல், டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்த 1927 ஆம் ஆண்டை அண்டிய காலத்தைக் களமாகக் கொண்டது. முதலியார் குடும்பத்துப் பாலேந்திரன், இலண்டனிலே தான் நேசித்த ரிச்சர்டைத் தந்தையின் தலையீட்டாற் பிரிந்து, கொழும்பிலே திருமணம் செய்து, மதிப்பிற்குரிய கணவனாகவும் தந்தையாகவும் வாழ்பவன். அவனுடைய மௌனம் அவனை மட்டும் வருத்தவில்லை. அவனுடைய மனைவி சோனியா, காரணம் அறியாத ஒரு வெறுமையைத் தன் இல்வாழ்வின் நடுவிலே சுமக்கின்றாள். திருமணத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளும்பொழுது, மறைப்பு மற்றொருவரின் வாழ்வையும் பணயமாக வைக்கின்றது. ஆர்ஜியின் மௌனத்துக்கும் பாலேந்திரனின் மௌனத்துக்கும் உள்ள அற வேறுபாடு இதுவே. முன்னவன் எவரையும் ஏமாற்றவில்லை; பின்னவன் விரும்பியோ விரும்பாமலோ ஒருத்தியை ஏமாற்றியிருக்கின்றான். கலியாணம் கட்டினாற் சரியாகிவிடும் எனப் பிள்ளைகளை வற்புறுத்தும் பெற்றோர் படிக்கவேண்டிய நூல் அது.

இனி, ‘ஃபன்னி போய்’ நாவலின் எல்லைகளையும் சுட்டுதல் வேண்டும். ஆர்ஜியின் குடும்பம் விடுதி நடத்தும் வசதி படைத்தது. ஆங்கிலம் அவர்களது வீட்டுமொழி. கனடா அவர்களுக்கு எட்டக்கூடிய தூரத்தில் உள்ளது. சொல்வதா விடுவதா என்னும் தீர்மானத்தை நாடு மாறும்வரை ஒத்திவைப்பதற்கு அவனுக்கு இயலும். தோட்டத்து லயத்திலோ வன்னிக் கிராமத்திலோ பிறந்த ஒருவனுக்கு அவ்வசதி இல்லை. அன்றியும், மணப்பெண் வேடத்திலே சிறுவன் கண்ட ஆனந்தம் பின்னைய கதைகளிலே ஆடவர் மீதான காதலுடன் ஏறத்தாழ இரண்டறக் கலந்துவிடுகின்றது. பால் அடையாளமும் பாலீர்ப்பும் வெவ்வேறானவை. ஒரு திருநங்கைக்கு உடையும் குரலும் அடையாள அட்டையும் நாள்தோறும் பேசிக்கொண்டே இருப்பதால், மௌனம் என்னும் ஒதுங்கிடமே பெரும்பாலும் வாய்ப்பதில்லை. அவ்வனுபவத்தை அறிய விரும்புவோர் லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’, ரேவதியின் ‘வெள்ளை மொழி’ முதலிய தமிழ்த் தன்வரலாறுகளையே நாடவேண்டும். தம் பெயரைத் தாமே சூடிக்கொண்டு, தமிழிலேயே தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள் அவர்கள்.

சட்டத்தின் நிழலையும் மறத்தலாகாது. 1883 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகளே இலங்கையில் ஒருபாலுறவைக் குற்றமாக்க உதவியவை. இந்நாவல் வெளிவந்து ஓராண்டின் பின், 1995 இல் செய்யப்பட்ட திருத்தம், 365அ பிரிவைப் பெண்களையும் உள்ளடக்குவதாக விரித்தது. இக்குற்றத்தை நீக்கும் நோக்குடைய தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் சட்டத்தின் வாயில் திறப்பதனால் மட்டும் வீட்டின் வாயில் திறந்துவிடுவதில்லை.

முடிவாக நோக்குமிடத்து, இந்நாவல் வாசகர்முன் வைக்கும் வினா ஆர்ஜியை நோக்கியதன்று. அவனைச் சூழ்ந்திருப்போரை நோக்கியது. ஒருவன் சொல்லலாமா விடலாமா எனத் தயங்கும்பொழுது, அவன் மனத்திலே நடைபெறும் கணக்கு, பிறர் தந்த எண்களைக் கொண்டே நடைபெறுகின்றது. தந்தையின் கோபம், தாயின் கண்ணீர், தங்கையின் கலியாணம், விடுதி அறையின் ஏளனம், பகிடிவதையிலே எறியப்படும் ஒரு சொல் ஆகியவை அவ்வெண்கள். அவற்றை மாற்றும் ஆற்றல் அவனிடத்தில் இல்லை, சூழ்ந்திருப்போரிடத்திலே உண்டு. எப்பொழுது, யாரிடம், எந்தச் சொல்லால் என்பதை அவனே தீர்மானிக்கட்டும். சொன்னால் அழியாமல் இருக்கக்கூடிய ஒரு வீட்டையும், விடுதியையும், வகுப்பறையையும் ஆக்கி வைப்பது மற்றையோர் கடன். இச்சஞ்சிகையை வாசிப்போருள்ளும் அத்தகைய கணக்கை மௌனமாகப் போட்டுக்கொண்டிருப்பவர் இருத்தல் கூடும். அவருக்கு அருகே இருப்பவர் நாளைக்குச் சொல்லப்போகும் பகிடியை ஒருமுறை தம்முள்ளே அடக்கிக்கொள்வாராயின், ‘ஃபன்னி போய்’ ஒரு செவ்விய வாசகரைப் பெற்றுவிட்டது எனலாம்.